பூமிக்கு லீவு

எங்கள் தலைமையாசிரியைக்குக் கோபம் வந்தால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் காக்காய்கூடக் கத்தாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். அப்படிப்பட்டவர் முன்னால் செருப்புக் காலோடு நின்று, கழற்ற மாட்டேன் என்று ஒருத்தி தலையாட்டினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அவள் பெயர் ரஸ்மிதா. மேலூருக்கு வெளியே கிரானைட் கல்லை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். பையன்கள் "ரசம், ரசம்" என்று கூப்பிட்டால், ஏதோ செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பாள். ஆந்திராவில் ஒரு செங்கல் சூளை, கோயம்புத்தூரில் ஒரு மில் என்று அவள் அப்பா போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே அலைந்தவள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை முடித்து அடுத்த வகுப்புக்குப் போனது இங்கேதான். அந்தப் பெருமையை வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் சொல்லிவிடுவாள்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. வெள்ளிக்கிழமை மரம் நடும் விழா. மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டியாயிற்று. ஆளுக்கொரு புங்கங்கன்று. "எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மண்ணு நமக்குத் தாய் மாதிரி. செருப்புக் காலோட மிதிக்கப்பிடாது" என்றார் தலைமையாசிரியை. நாங்கள் செருப்பை உதறிவிட்டு ஓடினோம். ரஸ்மிதா மட்டும் புத்தம் புது ரோஸ் கலர் செருப்போடு அசையாமல் நின்றாள். மண்வெட்டியைக் கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டி, புதுச் செருப்பு அழுக்காயிருமோ?"

"இல்ல டீச்சர். தோண்டக்கூடாது. வெறுங்கால் வைக்கக்கூடாது. இன்னிக்கு பூமிக்கு லீவு."

பள்ளிக்கூடமே சிரித்தது. பூமிக்கு லீவு என்றால் நமக்கும் லீவா என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. இம்புட்டுப் பேர் முன்னால் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இங்கே வேண்டாம் என்றும், திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிவராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். ரஸ்மிதாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் செருப்பைக் கழற்றவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. அவளுடைய கன்று பிளாஸ்டிக் பையோடு சுவரோரம் கிடந்தது.

பட்டறை எங்கள் வீட்டைத் தாண்டி இருந்ததால், தலைமையாசிரியை சொன்னதை அவள் வீட்டில் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை காலையில் போனேன்.

போன இடத்தில் நான் வந்த வேலையையே மறந்துவிட்டேன். தகரக் கொட்டகைகளுக்கு நடுவே இருந்த புளியமரத்தில் பெரிய ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். அதில் சின்னப்பிள்ளை யாருமில்லை. என் அம்மா வயதுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தினமும் தலையில் துணி கட்டி, முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு பட்டறையிலிருந்து வருவார்களே, அதே பெண்கள். இப்போது புதுப் புடவை, தலை நிறையப் பூ, பாதத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயம், வாய் நிறைய வெற்றிலை. ஒருத்தர் காலும் மண்ணில் படவில்லை. ஊஞ்சலை விட்டு இறங்கினால் செருப்பு, இல்லாவிட்டால் கட்டில். ஆம்பிளைகள் அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடித்தார்கள். பெரிய பொம்பளைகள் வேலை எதுவும் செய்யாமல் அவ்வளவு உயரத்துக்குப் பறந்து, அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை.

நான் செய்தியைச் சொன்னதும் ஊஞ்சல் நின்றது. ரஸ்மிதாவின் அப்பா கரண்டியும் கையுமாக வந்து, "அம்புட்டுத் தொல்லைன்னா விடு. வீட்ல தம்பிய பாத்துக்கட்டும்" என்றார். ரஸ்மிதா என் கையை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. அவள் அம்மா கட்டிலிலிருந்து எழுந்து, புருஷனைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ ஒரே வார்த்தை சொன்னார். அவர் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் என்னிடம், "திங்கக்கெழம நான் வரும்னு டீச்சர்ட்ட சொல்லு" என்றார்.

"ஏன் பூமிக்கு லீவு?" என்று கேட்டேன்.

"பூமி பொம்பளதான? அதுக்கும் மூணு நாள். ரெஸ்ட்."

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். "எங்க அம்மாகூட மாசாமாசம் மூணு நாள் உக்காந்திருக்கும். ஆனா ஊஞ்சல் எல்லாம் கெடையாது" என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைத் தூக்கி ஊஞ்சலில் வைத்து ஆட்டினார்கள். கிளம்பும்போது, வெல்லமும் தேங்காயும் போட்டுச் சுட்ட, மேலெல்லாம் கருகிய கனமான பணியாரம் ஒன்றை இலையில் சுற்றி, "அம்மாக்கு" என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தார் ரஸ்மிதாவின் அம்மா.

அன்றைக்கு என் அம்மா வீட்டுக்குத் தூரம். பின்கட்டில், தனித் தட்டும் தனித் தம்ளருமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பார்த்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஊஞ்சலா? மூணு நாளுமா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"ஆம்பளையா சோறு ஆக்குறான்?"

"ஆமாங்கிறேன்ல!"

பணியாரத்தை மெதுவாகத் தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "புதுச்சேலையா கட்டியிருந்தாளுக?" என்று மறுபடியும் கேட்டாள். சொன்னதையே எத்தனை தடவை சொல்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை ரஸ்மிதாவும் அவள் அம்மாவும் ஈரத்தலையோடு வந்தார்கள். இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை. அம்மா கையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். தலைமையாசிரியை கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே ரஸ்மிதாவின் அம்மா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. எங்க ஊர்ல பூமியும் பொம்பள. வருஷத்துல மூணு நாள் அதுக்கும் வரும். அப்ப தோண்டினா வலிக்கும். வெறுங்காலும் படக்கூடாது. பொம்பளைங்களுக்கும் வேல இல்ல, வெளையாட்டுதான். இன்னிக்கு நாலாம் நாள். குளிக்குது" என்று, தெரிந்த தமிழை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றினார்.

தலைமையாசிரியை சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். கணக்கு சார் தூரத்தில் நின்றிருந்தார். மஞ்சள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி முடிகிற வரைக்கும் தலைமையாசிரியை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்காய் கத்தவில்லை.

"மண்ணுக்கு லீவு விட்டிருக்கீக. எங்களுக்கு யாரும்மா விட்டா?" என்றார். அவர் அவ்வளவு தணிந்த குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு மண்வெட்டியை அவரே எடுத்து வந்து ரஸ்மிதாவிடம் நீட்டினார். "வா தாயி. ஒன் கன்னு மூணு நாளாக் காத்துக் கெடக்கு. நட்டுட்டு வகுப்புக்குப் போ."

ரஸ்மிதா வெறுங்காலை அழுத்தி ஊன்றி ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். மண் என் பாவாடையெல்லாம் தெறித்தது. அந்தக் கன்று மரமாகும் வரைக்கும் அவள் எங்கள் ஊரில்தான் படித்தாள்.

அந்த மாதக் கடைசியில் என் அம்மா, அப்பாவிடம் சொல்லிக் கொல்லை வேப்பமரத்தில் ஓர் ஊஞ்சல் கட்ட வைத்தாள். "பிள்ள ஆசப்படுது" என்று காரணம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. கிடைத்தவரைக்கும் லாபம் என்று சும்மா இருந்துவிட்டேன். மற்ற நாளெல்லாம் ஊஞ்சல் எனக்குத்தான். மாதத்தில் மூன்று நாள் மட்டும் அம்மா அதில் ஏறினால் இறங்க மாட்டாள். சாக்கு பின்கட்டில் சும்மா கிடக்கும். கெஞ்சினாலும் அழுதாலும், "போடி, இன்னிக்கு என்னோடது" என்பாள். பிள்ளைக்குக் கட்டிய ஊஞ்சலில் அம்மா பங்குக்கு வருவது என்ன நியாயம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்க அம்மாவுக்கு ஊஞ்சல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ரஸ்மிதாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.