கிரேன் டூவுக்கு ஒரு குரல்

துபாயில், அல் குசைஸில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் எனக்கு ரிக்கர் வேலை. டவர் கிரேனில் சரக்கைக் கட்டிவிட்டு, எப்போது தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்கு வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். நான் சொன்னதில்லை. வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு விசில் அடிப்பேன். நீளமாக ஒன்று என்றால் தூக்கு, இரண்டு என்றால் இறக்கு, விடாமல் அடித்தால் நிறுத்து. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. சைட்டு முழுக்கக் கேட்கும் பெட்டியில் வாய் திறப்பதை நினைத்தாலே வேர்த்துவிடும்.

ஆபரேட்டர் ராமநாதபுரத்துக்காரர். விடிந்ததும் மேலே ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். சாப்பாடுகூட வாளியில்தான் போகும். அவர் தங்குவது வேறு கேம்ப், நான் முவைலா கேம்ப். நேரில் பார்த்தால் கை காட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

"நீ பேசவே வேணாம்யா, விசிலே போதும்" என்று வாக்கிடாக்கி செட்டில் சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் சேஃப்டி ஆபீசர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சென்னைக்காரர், எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

"நம்ம செட்டு வேலை செய்யற அலைவரிசையை ஆம்புலன்ஸுக்கு மட்டும்னு ஒதுக்கிட்டாங்க சார். நம்மளை வேற அலைவரிசைக்கு மாத்துறாங்க. நம்ம சத்தம் அவங்க செட்டுல விழுதாம். டிரைவருக்குத் தெரு பேர் சொல்லும்போது நடுவுல ஒரு விசில் வந்து, அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்காரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தெருவில் யாரோ ஆம்புலன்ஸுக்காக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"புது அலைவரிசை நமக்கும் பக்கத்து சைட்டுக்கும் பொது" என்று அவர் தொடர்ந்தார். "முதல்ல கிரேன் நம்பர், நம்மளுது டூ, அப்புறம்தான் என்ன செய்யணும்கறது. விசில் அடிச்சா எந்த கிரேனுக்குன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "சனிக்கிழமையிலிருந்து நீங்க பேசித்தான் ஆகணும் சார். முடியலைன்னா கம்பி கேங்குக்கு மாத்திடறேன். எனக்கு வேற வழி இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் கொதிக்கும் கம்பியைத் தோளில் சுமந்து சுமந்து, பிறகு டெஸ்டில் தேறி வாங்கிய வேலை இது. திரும்ப அங்கே போக எனக்கு மனமில்லை.

கேம்ப் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கிரேன் டூ, ஸ்லோ அப். கிரேன் டூ, ஸ்டாப்." வெளியே வரிசையில் நின்ற ஒருவர் கதவைத் தட்டினார். "யோவ், கிரேனை உள்ள ஏத்திட்டியா? எங்களுக்கும் டூட்டி இருக்குய்யா!"

சனிக்கிழமை முதல் சில லோடுகள் என்னைக் காப்பாற்றின. ஆபரேட்டரின் கண் எட்டும் இடம் என்பதால் கை சைகையிலேயே சமாளித்தேன். அடுத்தது பலகைக் கட்டு. லிஃப்ட் சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டும். அந்த இடம் மேலேயிருந்து அவர் கண்ணுக்குத் தெரியாது. கட்டு சுவரைத் தாண்டி வந்து அந்தரத்தில் நின்றது. கீழே கார்பெண்டர்கள் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். விலகச் சொல்லி அவர்களுக்குக் கை காட்டினேன். யாரும் நிமிரவில்லை.

அப்போது செட்டில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. "எறக்கு, எறக்கு, மெதுவா எறக்கு."

பக்கத்து சைட்டு ரிக்கர். பழைய பழக்கத்தில் நம்பர் சொல்லாமல் தன் கிரேனுக்குச் சொல்கிறார். எங்கள் ஆபரேட்டர் என் குரலைக் கேட்டதே இல்லை. ஒரு வழியாக நான்தான் வாயைத் திறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பலகைக் கட்டு இறங்கத் தொடங்கியது.

"கிரேன் டூ, ஸ்டாப்! கிரேன் டூ! ஸ்டாப்!"

அது என் தொண்டையிலிருந்து வந்தது என்று எனக்கே உடனே புரியவில்லை. கட்டு அந்தரத்தில் நின்று ஆடியது. சத்தம் கேட்டு நிமிர்ந்த கார்பெண்டர்கள், மேலே பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"யாருய்யா அது?" என்றார் ஆபரேட்டர்.

"நான்தாண்ணே. உங்க ரிக்கர்."

"அப்ப எறக்கச் சொன்னது?"

"அது பக்கத்து சைட்டுண்ணே. கீழ ஆளு இருந்தாங்க."

அவர், "அட மனுசா, இம்புட்டுக் கனத்த கொரலை வச்சுக்கிட்டா பீப்பி ஊதிக்கிட்டிருந்த?" என்றார். இரண்டு சைட்டும் கேட்டது.

பக்கத்து ரிக்கர், "மன்னிச்சுக்கங்கண்ணே, நம்பர் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

"இனிமே மறக்காதீங்க" என்றேன். ஒருவரைத் திருத்தி நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கார்பெண்டர்கள் தள்ளி நின்றதைப் பார்த்துக்கொண்டு, "கிரேன் டூ, ஸ்லோ டவுன்" என்றேன். கட்டு பதமாக வந்து உட்கார்ந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த சேஃப்டி ஆபீசர் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்பி கேங்குல இடம் இல்லையாம் சார்" என்று சொல்லி என் முதுகில் தட்டினார்.

அன்று முழுக்கப் பேசினேன். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குப் பேசினேன். மாலையில் கொக்கி வெறுமனே மேலே போனதும் பொத்தானை அழுத்தி, "கிரேன் டூ, இன்னைக்கு கலாஸ், வேலை முடிஞ்சுது. இறங்கி வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்" என்றேன்.

அதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.