பதினேழாம் இலக்கக்காரரின் முழங்கால்

யாழ்ப்பாணத்தில் அப்பா டொக்டர். ரொறன்ரோவில் அவர் ஓர் ஐஸ் ஹொக்கி அணியின் ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவர். இங்கே பரீட்சை எழுதித் தேறும்வரை நோயாளிகளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர்களைத் தொடலாம் போலிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்களையும் அங்கே கழித்துவிடப்பட்டவர்களையும் சேர்த்துக் கட்டிய அணி. மெத்தைக் கடை வைத்திருந்த ஒருவர்தான் சொந்தக்காரர். முதல் குளிர்காலத்தில் சனங்கள் பனியில் வரிசையாக நின்று ரிக்கெற் வாங்கினார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்திய வகுப்புப் பிள்ளைகள், ஆட்டக்காரர்களின் கையெழுத்து வாங்கித் தரும்படி என்னிடம் வந்தார்கள்.

அம்மாவுக்குச் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அதனால் சனிக்கிழமை மத்தியான ஆட்டங்களுக்கு அப்பா என்னையும் கூட்டிப்போவார். அப்பா கட்டுப் போடும் அறையில் மூலையில் உட்கார ஒரு வாங்கு எனக்கு. அங்கே வருகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் பதினேழாம் இலக்கக்காரர். வடக்கே ஒரு சுரங்க ஊர்க்காரர். முன்பல் இரண்டும் இல்லை. பெரிய உடம்பு, மெல்லிய குரல். என்னிடம் தமிழில் எண்ணப் பழகினார். ஆறுவரை சுகமாக வந்தவரை ஏழு விழுத்திவிட்டது.

இரண்டாம் குளிர்காலம் பாதிக் கதிரைகள் காலி. மூன்றாவதில் மெத்தைக் கடையைப் பூட்டிவிட்டார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஆட்ட நாட்களில் வந்துபோன டொக்டரும் வராமல் விட்டார். அவருடைய மருந்துப் பெட்டி மட்டும் அறையில் கிடந்தது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாதி அணி காய்ச்சலில் படுத்துவிட்டது. இன்னும் ஓர் ஆள் குறைந்தால் ஆட்டம் தொடங்க முடியாது. தொடங்காவிட்டால் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மனேஜர் வந்து இதைச் சொன்னார். பதினேழாம் இலக்கக்காரர் மேசையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். முழங்கால் இளநீர்க் கோம்பைபோல வீங்கியிருந்தது.

அப்பா அதை அமத்திப் பார்த்தார். விளையாட முடியாது என்றார். மனேஜர் மருந்துப் பெட்டியைத் திறந்து, விறைப்பூசியை எடுத்து மேசையில் வைத்தார்.

“அது நோவைத்தான் மறைக்கும். காலைக் காப்பாற்றாது” என்றார் அப்பா.

மனேஜர் ஊசியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். பிறகு பதினேழாம் இலக்கக்காரர் சொன்னார்: “இன்றைக்கு மட்டும் போடுங்கள், டொக்டர்.”

இந்த நாட்டுக்கு வந்தபின் அப்பாவை அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பா ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போய், சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை சவர்க்காரம் போட்டு, அவசரமில்லாமல் ஆறுதலாகக் கழுவினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் பகுதி ஆட்டத்தில் பதினேழாம் இலக்கக்காரர் விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. ஒரு காலில் திரும்பினார், விழுந்தார். கத்தவில்லை, நோவு தெரியவில்லை. கால், கால் மடியாத பக்கமாக மடிந்திருந்தது. அதைப் பார்த்து, வேறு யாருடையதோ போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அதே காலை ஊன்றி எழும்பப் பார்த்தார். அப்போது கேட்ட சத்தம் நான் இருந்த மேல்வரிசைவரை வந்தது. அப்பா சப்பாத்தோடு ஐஸில் ஓடினார். சறுக்கி விழுந்து, மிச்சத் தூரத்தை நாலுகாலில் தவழ்ந்து போனார். சில பேர் சிரித்தார்கள்.

மூன்று கிழமையில் அரங்கின் கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். அணி இல்லை. ஊசியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, தானே பிழையாகத் திரும்பியதாக அவர் சொல்லிவிட்டாராம்.

அந்த வருடப் பரீட்சைக்கு அப்பா போகவில்லை. “ஏனப்பா போகேல்லை?” என்று அம்மா கேட்க, “படிச்சது காணும், இனி வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகும் போகவில்லை. கடைசிவரை ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் டின்களுக்கு மூடி போட்டார்.

அணி கலைந்த அடுத்த மாதம், பதினேழாம் இலக்கக்காரர் ஊருக்குத் திரும்பினார். அவரை வழியனுப்ப அப்பா என்னையும் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். கால் இனி மடியாது, சுரங்கத்திலும் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பஸ் வந்ததும் ஓர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பாவிடம் கையை நீட்டினார்.

“எல்லாவற்றுக்கும் நன்றி, டொக்டர்.”

அப்பா கோட்டுப் பைக்குள் விட்ட கைகளை எடுக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

திரும்பி நடக்கும்போது கோபத்தோடு கேட்டேன்: “ஏன் கை குடுக்கேல்லை? அவர் நன்றியெல்லோ சொன்னவர்.”

“ஓம் பிள்ளை,” என்றார் அப்பா. “நன்றிதான் சொன்னவர்.”

தன் பிழையை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்து, நான் ஆறிவிட்டேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்திருப்பார் என்பது, ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.