கிழக்குப் பாதிக் கடலை

எங்கள் நைனா மறைந்து இன்றோடு ஓராண்டு. அப்பாவின் இந்த நினைவு மலரில் புகழ்ச்சி மட்டும் எழுதினால், அதையும் அவர் சந்தேகிப்பார்.

ஆர்.கே.பேட்டைக்கு அருகே, மானாவாரி நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தார். இளமையில் யாரோ நல்லதென்று கொடுத்த விதை முளைக்காமல் ஒரு பருவமே பாழானது. அன்று முதல் உர மூட்டையின் தையல், தராசின் முள், வானொலி சொல்லும் மழை, பெண் பார்க்க வந்தவர்களின் சிரிப்பு என எதையும் இரண்டு முறை பார்ப்பார்.

வேளாண்மைப் படிப்பின் கடைசி ஆண்டில், மேலே படிக்க அனுமதி கேட்டேன். கல்லூரியிலிருந்து ஒரு கறுப்புப் பொடியும் கொண்டுவந்தேன். அதிலுள்ள நுண்ணுயிர்கள் கடலை வேரில் முடிச்சுகளாகத் தங்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் என்றேன்.

நைனா முகர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, அடுப்புக் கரியைப் பொட்டலம் கட்டிக் குடுத்துக்கீறாங்க? உசுரு கீதுன்னா ஒண்ண நடக்கச் சொல்லு, பாப்போம்."

பிறகு நிபந்தனை விதித்தார். கிழக்குப் பாதியில் பொடி கலந்த விதை, மேற்கில் வெறும் விதை. கிழக்கு ஓங்கினால் படிப்பு, இல்லையேல் கல்யாணம். ஆறிய கஞ்சியில் பொடியைக் கரைத்து, விதையில் புரட்டி, வெயில் பட்டால் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்பதால் நிழலில் உலர்த்தும்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்குச் சென்றேன்.

விதைத்த நாற்பதாம் நாள் வந்து இருபுறமும் ஐந்தைந்து செடிகளைப் பிடுங்கினேன். உயரம், இலையின் பசுமை, முடிச்சுகளின் எண்ணிக்கை, வெட்டினால் உள்ளே தெரியும் சிவப்பு எல்லாம் ஒன்றே. நைனா பொடியைக் கலக்கவே இல்லையோ என்று சந்தேகித்தேன்.

வரப்பில் நின்றபடியே அவர் சொன்னார்: "கெழக்கு தான் ஒசத்தி. போய்ப் படி."

ஒரு செடியையும் தொடாமல் அவர் தீர்ப்புச் சொன்னது அன்றுதான். என் சந்தேகத்தை நான் வெளியே சொல்லவில்லை. கேட்டால் அனுமதி போய்விடுமோ என்ற பயம்.

கருமாதி முடிந்த பின் சித்தப்பா சொன்னார். ஈர விதை பூசணம் பிடிக்கும் என்று, எங்கள் வீட்டு வழக்கப்படி நைனா அதை உச்சி வெயிலில் காயவைத்திருக்கிறார். விதைத்த பிறகே என் தாளை மீண்டும் படித்திருக்கிறார். "அல்லாத்தையும் சாவடிச்சிட்டேன்டா. தப்பு என்னுது, அது படிப்பு இன்னா பண்ணும்? கொயந்த கைல சொல்லாத" என்றாராம்.

நான் எண்ணிய முடிச்சுகள் பொட்டலத்தில் வந்தவை அல்ல. காலங்காலமாகக் கடலை விளைந்த அந்த மண்ணில் முன்பே இருந்தவை.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறியபோது இரண்டு முறை வந்து பார்த்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், சொன்ன சொல்லைக் காத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் பணிபுரியும் ஆய்வுக்கூடம் தயாரிக்கும் அதே நுண்ணுயிர்ப் பொடியின் பொட்டலங்களில் இவ்வாண்டு முதல் ‘நிழலில் மட்டும் உலர்த்தவும்’ என்ற வரி பெரிய எழுத்தில் வருகிறது. அதைக் கேட்டு வாங்கியவள் நான். காரணத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.