பட்டினி வாளிகள்

வயல் மண்ணைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வருவது குற்றமில்லை. ஆனால் அன்று கிண்டியில் எங்களை ஏற்றிக்கொண்ட நடத்துநரின் முகத்தைப் பார்த்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

மதுராந்தகத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, இரண்டு அரிசிச் சாக்குகளில் தன் வயல் மண்ணை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். கிண்டியில் போய் அவளை இறக்கி, மயிலாப்பூர் பேருந்தில் ஏற்றினேன்.

"இன்னாமா கீது மூட்டைல? அரிசியா?"

"மண்ணுப்பா."

"மண்ணா? ஏம்மா, மெட்ராஸ்ல மண்ணு கெடைக்கலியா?"

"இது என் கழனி மண்ணு. ஒடம்பு செரியில்ல. டாக்டராண்ட காட்ட இட்டாந்துகிறேன்."

"டாக்டரு யாரு?"

சித்தி என்னைக் கை காட்டினாள். பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். "நைனா, அப்படியே எறங்கறதுக்குள்ள என் முட்டியையும் ஒரு தபா பாத்துடு. மாடிப்படி ஏறுனா வலிக்குது."

நான் டாக்டர் இல்லை. வேளாண்மை படித்துவிட்டு, தரமணியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து உழவர்கள் போனில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் கரண்ட் பில் கூடினாலும், யாருக்காவது காது வலித்தாலும், எங்கோ பயிர் மஞ்சளடித்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொன்னால், "அப்ப இவ்ளோ நாளு இன்னாதான் படிச்ச?" என்பார்கள்.

சித்தியின் கேள்வி மட்டும் சாதாரணமானதாக இல்லை. அவள் நெல் இரண்டு போகமாக எழும்பவே இல்லை. நட்ட சில வாரத்தில் இலையில் துரு தெளித்தாற்போல் செம்பழுப்புப் புள்ளிகள் வரும்; பயிர் குட்டையாகவே நின்றுவிடும். சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ இருப்பார். வயலை நடத்துவது சித்தியும் அவள் கொழுந்தனாரும்தான். பயிர் எழும்பவில்லை என்றால் உரம் போதவில்லை என்றே இருவரும் நினைத்தார்கள். டி.ஏ.பி.யைக் கூட்டிப் போட்டார்கள். யூரியாவை இன்னும் கூட்டினார்கள். கடைசியில் கொழுந்தனார் வெறுத்துப்போய், மேல்மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்துவிட்டார். ஆடி கழிவதற்குள் சூளைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இயந்திரம் வந்து வயலின் மேல்தோலை வழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அங்கே பல வருஷத்துக்கு நெல்லைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது.

சித்தி அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குத் துத்தநாகக் குறைபாடு என்றே பட்டது. உரக்கடையில் ஜிங்க் என்பார்கள். பயிருக்குத் துளிதான் வேண்டும், ஆனால் அந்தத் துளி இல்லாமல் முடியாது. எப்போதும் தண்ணீர் நிற்கிற வயலில் அது பயிருக்குக் கிடைப்பது கஷ்டம். டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் இன்னும் கஷ்டம். இதைப் போனில் கொழுந்தனாரிடம் விளக்கினேன். எனக்கு அவரும் சித்தப்பா முறைதான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "போன வருசம் கடைக்காரன் ஒண்ணு சொன்னான். அதுக்கு முன்ன வேற ஒருத்தன் வேற ஒண்ணு சொன்னான். இப்ப நீ சொல்ற. வாயாலயே நெல்லு வெளையும்னா நாங்க இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்போம், தம்பி."

"காட்டினா நம்புவீங்களா, சித்தப்பா?"

"கண்ணால பாத்தா நம்பறேன்."

அதனால்தான் அந்த இரண்டு மூட்டை மண்.

நாங்கள் குடியிருப்பது மயிலாப்பூரில் ஒரு சந்து வீட்டின் மாடிப் பகுதியில். வீட்டுக்கார மாமி கீழே இருக்கிறார். நாங்கள் மீன் வறுப்பது மாமிக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துகொள்வார். மொட்டைமாடியில் வாளி வைக்கலாமா என்று கேட்டபோது, "தளம் ஒழுகப்படாது. ஒழுகித்துன்னா நீதான் மேல படுத்துண்டு அடைக்கணும்" என்று அனுமதி கொடுத்தார்.

ஆறு பெயிண்ட் வாளிகளைத் தேய்த்துக் கழுவி, சித்தியின் மண்ணை நிரப்பிச் சேறாக்கி, அதில் நாற்று நட்டேன். இரண்டு வாளிகளுக்கு எதுவுமே கிடையாது. இரண்டுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் உண்டு, ஜிங்க் மட்டும் இல்லை. கடைசி இரண்டுக்கு அந்த மூன்றோடு ஜிங்க்கும் உண்டு. மற்றபடி ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். எது எழும்புகிறதோ அது பதில் சொல்லும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்னை வெயிலில் நெல்லுக்குத் தண்ணீர் காட்டுவது கைக்குழந்தை வளர்ப்பது மாதிரி. காலையில் தரமணிக்குக் கிளம்பும்முன் ஊற்றுவேன். பகலில் அம்மா ஊற்றுவாள். மாமி துணி உலர்த்த வரும்போது வாளியில் முளைத்த களையைப் பிடுங்கிப் போடுவார். பக்கத்து மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அந்த மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் பாய், வேலைக்கு நடுவே சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடித்தபடி வாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மயிலாப்பூரில் நெல் என்பது அவ்வளவு பெரிய வேடிக்கை.

நான் எதிர்பார்த்தபடியே ஜிங்க் போட்ட வாளிகள் தூர் கட்டிச் செழித்தன. மற்ற நான்கும் சோனியாய் நின்றன. அவற்றிலும் ஒன்றுமே போடாத இரண்டும் பார்க்கவே பரிதாபம். நான் ஒருவன்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

"ஏன்டா, இதுகள் ரெண்டும் இப்படி வாடறதே, பாத்துண்டே நிக்கறியே?" என்றார் மாமி.

"அது அப்படித்தான் இருக்கணும், மாமி. சோதனை."

"யாருக்கு?"

ஒரு நாள் காலையில் வாளிகளிடம் குனிந்தபோது காபி வாசனை வந்தது. கீழே மாமி வீட்டு டிகாக்ஷன் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பூனை, ஒன்றுமே போடாமல் நான் பட்டினி போட்ட வாளி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து, சேற்றை அவ்வளவு ஆசையோடு முகர்ந்துகொண்டிருந்தது. நெல் வயலைப் பூனை ஏன் முகர வேண்டும்? சேற்றைக் கிளறினேன். காபித் தூள் சக்கை. மேலே லேசாக எண்ணெய்ப் படலம். அடியில் நாலைந்து அரிசி நொய்.

"யார் இதுல என்ன ஊத்தினது?" என்று மாடியிலிருந்தே கத்தினேன்.

அம்மா முதலில் வந்தாள். "அரிசி கழுவுன தண்ணிதான்டா. சும்மா கீழ கொட்டறதுக்கு, அதுங்களுக்கு ஊத்துனா இன்னா?"

"எதுக்கெல்லாம் ஊத்தின?"

"நல்லா கீறதுக்கு எதுக்கு? வாடிக் கெடக்கற நாலுக்கும்தான். தெனம்."

மாமி படியேறி வந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "காப்பி சக்கை கொஞ்சூண்டுதான் போட்டேன். ரோஜாச் செடிக்குப் போடறேனே, அந்த மாதிரி."

சுவருக்கு அந்தப்பக்கம் தையல் மிஷின் நின்றது. பாய் எழுந்து வந்தார். "தம்பி, கோச்சுக்காத. நோன்பு வைக்கிறவனுக்குக்கூட சாய்ங்காலம் கஞ்சி உண்டு. நீ அந்த ரெண்டுக்கும் ஒண்ணுமே குடுக்கல. பாக்க மனசு கேக்கல. அதான், கறி கழுவுன தண்ணிய கொஞ்சம் எட்டி ஊத்துனேன்."

மாமி அப்படியே நின்றார். "கறி கழுவின ஜலமா? அதுலயா நான் தெனமும் கையை விட்டுக் களை பிடுங்கினேன்?"

"தெனமும் இல்ல மாமி. ஞாயித்துக்கெழம மட்டும்."

மாமி தன் கையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு, "சரி, பயிருக்கு ஏது ஆசாரம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார்.

எனக்கு அழுகை வராத குறை. எதுவுமே போடாத வாளி என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. எதற்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தியும் கொழுந்தனாரும் பார்க்க வருவதாக இருந்ததும் அன்றுதான். வராதீர்கள் என்று சொல்லப் போனை எடுத்தேன். அதற்குள் அவர்கள் பேருந்துக்குப் புறப்பட்டாகிவிட்டது.

வந்ததும் கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மாடியேறினார். வாளிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் ஒளிக்கவில்லை. சோதனை கெட்டுவிட்டது என்று சொல்லி, யார் யார் எதை எதை ஊற்றினார்கள் என்பதையும் சொன்னேன். சுவருக்கு அப்பால் பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனார் சிரிப்பார் என்று நினைத்தேன். சித்திதான் முதலில் பேசினாள்.

"இவ்ளோ ஊத்தியுமா இது எழும்பல?"

"ஆமா, சித்தி."

"உரம் போட்டும் வாடிக் கீற அந்த ரெண்டுலயும் ஊத்துனாங்களா?"

"அதுலயும்தான். அம்மா தெனம் ஊத்தியிருக்கா."

சித்தி குனிந்து ஓர் இலையை விரலில் ஏந்திக்கொண்டாள். அதே துருப்புள்ளி. "தம்பி," என்றாள் கொழுந்தனாரிடம், "நாமளும் இதத்தானே பண்ணோம். வாடுச்சு, போட்டோம். இன்னும் வாடுச்சு, இன்னும் போட்டோம். இவங்க மூணு பேரு ஊத்துனாங்க. நாம ரெண்டு பேரு கொட்டுனோம். அவ்ளோதான் வித்தியாசம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கெட்டுப்போனது என்று எதற்காக வருத்தப்பட்டேனோ, அது சித்தியின் வயலை அப்படியே மாடியில் கொண்டுவந்து வைத்திருந்தது.

ஆனால் கொழுந்தனார் லேசில் விடுகிற ஆளில்லை. "அண்ணி சொல்றது செரிதான். ஆனா கறித் தண்ணில பயிரு வெந்துகூடப் போயிருக்கலாம். ஜிங்க்குதான்னு எப்புடிச் சொல்ற?" நியாயமான கேள்வி. எனக்கு அவரை அந்த நிமிஷம் மிகவும் பிடித்துவிட்டது.

அவர் எதிரிலேயே ஜிங்க் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, இலை கருகாமலிருக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீரும் சேர்த்து, வாடிய நான்கு வாளிகளில் வகைக்கு ஒன்றாக இரண்டின்மேல் மட்டும் தெளித்தேன். மற்ற இரண்டுக்கும் வெறும் தண்ணீர். இனி யாரும் எதையும் ஊற்றக்கூடாது என்றேன். காவலுக்கு மாமியே முன்வந்தார். அடுத்த நாளிலிருந்து பாய் சுவரருகே டம்ளரோடு வந்தாலே, "அதுல என்ன இருக்கு?" என்று கேட்பார். "டீ, மாமி. நான் குடிக்கறதுக்கு" என்று பாய் ஒரு வாய் குடித்துக் காட்டுவார். மண்ணில் கொஞ்சத்தை ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். அங்கிருந்தும் ஜிங்க் குறைவு என்றே பதில் வந்தது. ஆனால் கொழுந்தனார் காத்திருந்தது அதற்காக அல்ல.

ஆடி முடியும் தறுவாயில் இருவரும் மறுபடி வந்தார்கள். தெளித்த வாளிகளில் பழைய இலைகளின் புள்ளி போகவில்லை, அது போகாது. நடுவிலிருந்து கிளம்பிய புது இலைகள் மட்டும் சுத்தமான பச்சையில், ஒரு பொட்டுகூட இல்லாமல் நிமிர்ந்து நின்றன. தெளிக்காத வாளிகளில் புது இலையிலும் துரு. கொழுந்தனார் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு மாடியின் மூலைக்குப் போய்ப் போனில் சூளைக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, மண்ணு இல்லண்ணே... ஆமாண்ணே, சொன்னேன்தான்... இல்லண்ணே, வேற எவனுக்கும் குடுக்கல. நாங்களே வெச்சிக்கறோம்." கொஞ்ச நேரம் திட்டு வாங்கினார். சித்தி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது முழுக்க அந்த மூலையில் இருந்தது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டதும்தான் அவள் மூச்சு விட்டாள்.

திரும்பி வந்த கொழுந்தனார் எதுவுமே நடக்காததுபோல் கேட்டார்: "இந்த ஜிங்க்க டி.ஏ.பி.யோட ஒண்ணாக் கலந்து போட்டுடலாமா?"

"கூடாது, சித்தப்பா. மணல்ல கலந்து தனியா வீசணும். டி.ஏ.பி.யையும் பாதியாக் கொறைங்க."

"தனியாவா? அப்ப ரெண்டு தபா கழனியச் சுத்தணும்?"

"சுத்துங்க, தம்பி" என்றாள் சித்தி. "மண்ண வித்திருந்தா பள்ளத்துலதான் சுத்தியிருப்பீங்க."

சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் சித்தியின் போன் வந்தது. எடுத்ததுமே குரலில் கோபம். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"இன்னா சித்தி, மறுபடி துருவா?"

"துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயிரு தளதளன்னு கீது. அதான் வம்பு. ஊர்ல கீற மாடெல்லாம் எங் கழனிலயே வந்து வாய வெக்குது. போன வருசம் ஒரு மாடு திரும்பிப் பாத்துச்சா? இதுக்கு உன் படிப்புல இன்னா மருந்து கீது?"

யோசித்துப் பார்த்தேன். "வேலி போடு, சித்தி" என்றேன்.

"இதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.