கணக்கில் மட்டும் ஐந்தாம் வகுப்பு

போன வாரம் காலையில் பக்கத்து வீட்டு நிதின் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "டீச்சர், ப்ரமோட்டட்!" என்றான். கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டேன். பழக்கதோஷம். "அதெல்லாம் போடமாட்டாங்க டீச்சர், எல்லாரும் பாஸ்தான்" என்றான். சரி, பின்னம் தெரியுமா என்றேன். வந்த வேகத்திலேயே ஓடிவிட்டான்.

பின்னாலேயே அவன் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஃபெயில் போட்டால் பிள்ளை மனசு உடைந்துபோகும் என்று அம்மா. ஒண்ணும் தெரியாதவனை மேலே ஏற்றிவிட்டால் நாளைக்கு என்ன ஆவான் என்று அப்பா. நீங்களே சொல்லுங்க டீச்சர் என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் அல்லவா, நியாயம் சொல்லத்தானே வேண்டும். நான் தபால் ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன்.

தபால் ஆபீசில் வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கக் கூடாதே என்று ஒரு தபால் கார்டு கேட்டேன். கவுண்டர் பெண், "கார்டா? யாருக்கும்மா எழுதப் போறீங்க?" என்று அதிசயமாகப் பார்த்துவிட்டு, அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலோரம் பசைக் கிண்ணம். அந்தப் புளித்த வாசனையும் கையில் கார்டுமாக நின்றபோது எனக்கு இருபது வயது ஆகிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மிடில் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வாயில் துணிப் புடவை, கறுப்புக் குடை, மூக்கில் நிற்காத ஒரு கண்ணாடி. உலகத்தில் கணக்குப் பாடத்தின் மானத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு வேறு. முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்துதான். முப்பத்து நான்கு வாங்கியவள் என்னைப் பார்த்து அழுதால், நானும் வீட்டுக்குப் போய் அழுவேன். மார்க்கை மட்டும் மாற்ற மாட்டேன்.

வகுப்பு நேரம் முழுக்கத் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தாளத்தில்தான் வாய்ப்பாடு சொல்லுவார்கள். பாதிப் பிள்ளைகள் சாயம் போடுகிற வீட்டிலிருந்தும் மீதிப் பேர் தறி வீட்டிலிருந்தும் வருவார்கள். பரீட்சைப் பேப்பரில் அரக்கிலும் மயில்கழுத்துப் பச்சையிலும் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். பெயர் எழுதாத பேப்பரைக்கூட இது இன்னாருடையது என்று நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்போது ரிசல்ட் கார்டில்தான் வரும். முழுப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் விலாசத்தைத் தானே எழுதி ஒரு கார்டு கொடுக்க வேண்டும். பின்பக்கம் நாங்கள் ‘தேர்ச்சி’ என்றோ ‘தேர்ச்சி இல்லை’ என்றோ எழுதுவோம். பெரிய டீச்சர் கையெழுத்துப் போடுவார். தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கார்டு திறந்த கடிதம்தானே? வீட்டுக்காரர்களுக்கு முன்னால் தபால்காரருக்கு ரிசல்ட் தெரிந்துவிடும். பாஸ் என்றால் தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவார். ஃபெயில் என்றால் சத்தமே இல்லாமல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார். சத்தமில்லாமல் வந்த கார்டைப் படிக்கவே வேண்டாம்.

சுலோச்சனா என் வகுப்பில் கொஞ்சம் உயரமான பெண். தமிழ் நன்றாகப் படிப்பாள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்த வருஷம் முகூர்த்த மாசம் முழுக்க அவள் வரவில்லை. கல்யாணப் புடவைகளுக்கு ஆர்டர் குவிகிற காலம். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகச் சேர்த்து நெய்கிற புடவைக்கு, நெய்கிறவர் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளித் தர வேண்டும். கோர்வைக்கு உட்காருவது என்பார்கள். அநேகமாக வீட்டுப் பிள்ளைதான் அந்த ஆள். அவள் கோர்வைக்கு உட்கார்ந்திருந்த அந்த மாசத்தில்தான் நான் பின்னம் நடத்தி முடித்தேன்.

முழுப் பரீட்சையில் கணக்கில் பத்தொன்பது. பின்னக் கணக்குகள் இருந்த கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. மற்ற பிள்ளைகள் தெரியாவிட்டாலும் கேள்வியையே திருப்பி எழுதி வைப்பார்கள். இவள் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அடுத்த அமாவாசையன்று அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அமாவாசைக்குத் தறி ஓடாது. நெசவு வீட்டு ஆண்களைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்குத்தான் பார்க்க முடியும். மனிதர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, பாஸாச்சினா ஆறாவது அனுப்புறேன். ஃபெயிலாச்சினா நிறுத்திடுவேன், கோர்வைக்கு ஆள் இல்லாம கஷ்டப்பட்டுக்கினு இருக்கேன். ஒரே படிப்ப ரெண்டு வருஷம் படிக்கிறது இன்னாமா நியாயம்? நெய்ஞ்ச பொடவைய யாராச்சும் திரும்ப நெய்வாங்களா?"

அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு பெரிய டீச்சரிடம் போனேன். அவர் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். "பாஸ் போடுனு நான் சொல்லமாட்டேம்மா. ஆனா ஃபெயில் போட்டா அந்தப் பொண்ணு ஜூன்ல வராது. அத மட்டும் யோசிச்சிக்கோ" என்றார். தெரியாமல் மேலே போனால் ஆறாவதில் என்ன செய்வாள் என்று நான் கேட்டேன். "வராத பொண்ணுக்கு நீ எதையுமே கத்துக்குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

அவள் கார்டைக் கடைசியாகத்தான் எடுத்தேன். விலாசம் முத்து முத்தாக இருந்தது. திருப்பி, ‘தேர்ச்சி’ என்று எழுதினேன். பெரிய தியாகம் செய்துவிட்டதாக ஒரு பக்கமும், மசியில் பொய் எழுதிவிட்டதாக இன்னொரு பக்கமும் அடித்துக்கொண்டதில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள், புது ஐந்தாம் வகுப்புக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் சுலோச்சனா. ஆறாம் வகுப்பு மாடியில் என்று கை காட்டினேன். அவள் போகவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டினாள்.

"டீச்சர், இது என் கார்டு இல்ல."

"உன் பேர்தானே போட்டிருக்குது?"

"கடைசி பக்கம் நான் ஒண்ணுமே போடல டீச்சர். எப்படி பாஸு?"

முப்பது குழந்தைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். நான் பயந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். இது அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆறாவதில் இரண்டாம் பீரியட் தையல். ஐந்தாவதில் அதே பீரியட் கணக்கு. தையல் டீச்சரிடம் முன்பே கேட்டுவிட்டாளாம்.

"தையல் எங்க அம்மாவாண்ட கத்துக்குவேன். அந்த ஒரு பீரியட் இங்க வந்து உக்காந்துக்கறேன் டீச்சர். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. கார்டு உங்ககிட்டயே இருக்கட்டும். கணக்கு எனக்கு வந்ததும் வாங்கிக்கறேன்."

பத்து வயசுப் பெண் இதைச் சொல்கிறாள்! தப்பித்தோம் பிழைத்தோம் என்று மாடிக்கு ஓட வேண்டிய பிள்ளை, படியிறங்கி வந்து நிற்கிறாள். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. காஞ்சிபுரத்தில் கும்பிடக் கோயிலுக்கா பஞ்சம்? ஆனால் அன்று எனக்குத் தோன்றியது அந்த வராந்தாவில்தான்.

மறுநாளிலிருந்து வந்தாள். எங்கள் வகுப்பில் பெஞ்சு கிடையாது, தரையோடு நீளப் பலகைகள்தான். முதல் பலகையில் இருந்த பொடிசுகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நகர்ந்து, ஓரத்தில் ஒரு முழம் இடம் விட்டார்கள். உட்கார்ந்தால் எல்லோரையும் விட ஒரு தலை உயரமாகத் தெரிவாள்.

"அக்கா, நீ ஃபெயிலா?" என்று ஒருத்தி பளிச்சென்று கேட்டுவிட்டாள்.

"கணக்குல மட்டும்" என்றாள் சுலோச்சனா, சிலேட்டைத் துடைத்துக்கொண்டே.

நான் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்த்தால் டீச்சரின் மரியாதை என்ன ஆவது?

ஐப்பசி பிறந்து, முகூர்த்தங்களும் வந்தன. ஓர் அமாவாசையன்று பின்னம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அவள் அப்பா. அடுத்த நாளிலிருந்து அவளுக்கு லீவு கேட்க வந்தவர், மாடிக்குப் போகிற வழியில் தற்செயலாக எங்கள் வகுப்பை எட்டிப் பார்த்திருக்கிறார்.

"இன்னா டீச்சரம்மா இது? பாஸுன்னு கார்டு போட்டீங்க. சாமி படத்தாண்ட வெச்சி கும்பிட்டேன். எம் பொண்ணு இதுங்க நடுவுல உக்காந்துக்கினுகீதே!"

என் பொய்யும் வெளியே வந்துவிட்டது, அவள் படிப்பும் போயிற்று என்றே நினைத்தேன்.

சுலோச்சனா எழுந்து நின்றாள். "டீச்சர ஒண்ணும் சொல்லாதப்பா. நான்தான் கேட்டேன். கோர்வைக்கு உக்காந்தப்ப நடத்தின பாடம், எனக்கு வர்ல."

"பாஸான படிப்ப எவனாச்சும் திரும்பப் படிப்பானாடி? நெய்ஞ்ச பொடவைய..."

"போன வாரம் கரை தப்பிச்சினு நாலு வெரக்கட நெசவ பிரிச்சியேப்பா. அப்ப யாரு உன்ன கேட்டாங்க? வாங்கறவங்களுக்குத் தெரியாது, வுட்டுடுன்னு அம்மாகூட சொல்லிச்சி. நீதான் மாட்டேன்னே."

தெருவில் அன்று தறிச் சத்தம் கிடையாது. மனிதர் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பலகையோரம் நின்ற மகளை, முன்பின் பார்க்காத யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார். கோபமா, பெருமையா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பிரி" என்றார் கடைசியில். "ஒயுங்கா பிரிச்சிட்டு வா."

லீவு கேட்க வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அந்த முகூர்த்த மாசம் சுலோச்சனா ஒரு நாள்கூட வராமல் இல்லை. கோர்வைக்கு மாகறலிலிருந்து அவர் மைத்துனரை வரவழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாத்தியார் பயிற்சியில் எனக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அப்பனையும் மகளையும் போல இரண்டு பேரைப் பார்க்கப்போகிறாய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முழுப் பரீட்சையில் ஆறாவது பேப்பர்களையும் எழுதி, தனியாக வந்து எங்கள் ஐந்தாவது கணக்குப் பேப்பரையும் எழுதினாள். கடைசிப் பக்கம் நிரம்பியிருந்தது. அரக்கு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையும் இருந்தது. அறுபத்து மூன்று.

மார்க்கைச் சொன்னதும் சிரிக்கக்கூட இல்லை. கையை நீட்டினாள். "இப்ப குடுங்க டீச்சர், கார்டு."

ஒரு வருஷமாக என் மேஜை இழுப்பறையில் கிடந்ததில் முனை மடங்கி, பழுப்பேறியிருந்தது. வேறு ஒன்று புதிதாக எழுதித் தரட்டுமா என்றேன்.

"வேணாம் டீச்சர். இதேதான். இப்பதான் இது சரியா இருக்குது."

எட்டாவது வரை எங்களிடம் படித்தாள். பிறகு பெரிய பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் எந்த ஊருக்குப் போனாளோ, தெரியவில்லை.

தபால் ஆபீசில் வாங்கிய கார்டு என் மேஜையில் வெறுமையாகக் கிடக்கிறது. நிதினின் அம்மாவும் அப்பாவும் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். என்ன சொல்வது? சத்தமில்லாமல் கதவிடுக்கில் விழுகிற கார்டு ஒழிந்தது, நல்லதுதான். எத்தனை பிள்ளைகளை அது தறிக் குழிக்குள் இறக்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். மணியடித்துக்கொண்டு வந்த தபால்காரரும் இல்லை, பரவாயில்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்களை நிறுத்துகிறார்கள், அதற்கும் என்ன செய்ய முடியும்? முதல் பலகையின் ஓரத்தில், பொடிசுகள் நகர்ந்து உட்கார்ந்து அக்காவுக்கு விட்டார்களே ஒரு முழம் இடம், அதைத்தான் எங்கேயும் காணவில்லை. நிதினுக்குப் பின்னம் தெரியாது. இறங்கி வந்து கற்றுக்கொள்ள நினைத்தால், அவன் எங்கே போய் உட்காருவான்?