ஊர்சுலாவின் ஒண்டிக்கட்டை

சுரங்க வாயிலுக்கு வந்ததும் பவுலீனோ எஸ்கமீயா விரல் முட்டியால் பாறையைத் தட்டுகிறார். "ஊர்சுலா, விருந்தாளிங்க வந்திருக்காங்க. இந்தப் பொம்பளைங்க எல்லாம் வெளியூரு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள போயிடுவாங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே!" ஹெல்மெட் மாட்டிய சுற்றுலாப் பெண்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை. உள்ளேயிருந்து அனுமதி வரட்டும் என்பதுபோலச் சற்று நின்று, பிறகுதான் காலெடுத்து வைக்கிறார்.

எங்கள் மலையூரான ரியால் தெல் மோந்தேயின் சாந்தா ஊர்சுலா சுரங்கத்தில் வெள்ளி எடுப்பதை நிறுத்தி, அதை அருங்காட்சியகமாக்கி வெகுகாலம் ஆகிறது. அங்கே வெடி வைத்துக்கொண்டிருந்த பவுலீனோ இப்போது வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டிக் கதை விட்டுக்கொண்டிருக்கிறார். நீராவிப் பம்பைக் கோவேறு கழுதைகளால் மலையேற்றிக் கொண்டுவந்த கார்ன்வால் சீமை வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது, முன்னால் போன கழுதையை ஓட்டியது தன் கொள்ளுத்தாத்தா என்பார். அந்த வெள்ளைக்காரர்களின் வாரிசுகள் இங்கே முதன்முதலாகக் கால்பந்து ஆடியதைச் சொல்லும்போது கோல்கீப்பரும் அதே கொள்ளுத்தாத்தாதான். பம்பு வந்து இரண்டு தலைமுறை கழித்துத்தானே பந்து வந்தது என்று யாராவது வாத்தியார் மடக்கினால், "எங்க குடும்பத்துக்கு ஆயுசு கெட்டி, சார்" என்று நடையைக் கட்டிவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கதை விடுவதில்லை. சுரங்கம் ஒரு பொறாமைக்காரி. பெண் வாடை பட்டால் வெள்ளியை ஒளித்துவிடுவாள். மனசு கெட்டால் கூரையை இறக்கிவிடுவாள். வேலை நடந்த காலத்தில் எந்தப் பெண்ணையும் வாசல் தாண்ட விட்டதில்லை. பவுலீனோ முதல் முறை இறங்கியபோது மேஸ்திரி காதோடு சொன்னார்: "உள்ள பொண்டாட்டி பேச்சே எடுக்காதே. அவ கேட்டுக்கிட்டே இருப்பா." பவுலீனோ அப்போது புது மாப்பிள்ளை. இருட்டைப் பார்த்த பயத்தில், யாரும் கேட்காமலேயே, "நான் ஒண்டிக்கட்டை, ஊர்சுலா" என்று பாறையிடம் சொல்லிவிட்டார். அந்தப் பொய்யை அன்றிலிருந்து கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார். பக்கத்தில் நின்றவர்கள்மேல் கல் விழுந்திருக்கிறது. அவர்மேல் ஒரு சில்லுகூட விழுந்ததில்லை. அதற்குக் காரணம் அந்தப் பொய்தான் என்று மனதார நம்புகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுரங்கத்துக்கு நேர் எதிரே பாஸ்தே கடை வைத்திருப்பது அவருடைய மனைவி ஹோவிதா. மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்து, விளிம்பைக் கயிறுபோல முறுக்கிச் சுட்டெடுக்கும் பாஸ்தேயும் கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்ததுதான். மிளகாயைச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்தது எங்கள் ஊர். வெளியே வரும் பெண்கள் அவள் கடையில் நின்று தின்றபடி, "உள்ளே எவ்வளவு அழகு!" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். ஹோவிதா அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். பவுலீனோ வேலை முடிந்து வந்ததும், "உன் மூத்த தாரம் எப்படி இருக்கா, கெழவா?" என்பாள்.

"மெதுவாப் பேசுடி. எதிர்லயே இருக்கா."

போன மாதம் மூடுபனி இறங்கிய ஒரு நாள், பூவேப்லாவிலிருந்து வந்த நாலைந்து பேர்தான் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், ஏப்ரனைக் கழற்றிவிட்டு, நல்ல சால்வை போர்த்தி, தலையில் ஹெல்மெட்டோடு ஹோவிதா நின்றாள். கையில் டிக்கெட்.

"விளையாடாதே. கடையப் போய்ப் பாரு," என்றார் பவுலீனோ.

"பூவேப்லாக்காரி போகலாம், ஜப்பான்காரி போகலாம், உன் பொண்டாட்டி போகக்கூடாதா?"

"ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதே!" என்று அவர் சுரங்க வாயைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க யாருன்னு அவளுக்குத் தெரியாது. நீ வந்தா தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே. அந்தக் காலத்துல உள்ள உக்காந்து நீங்க எல்லாரும் அழுக்குக் கையால பாஸ்தேயோட விளிம்பப் புடிச்சுத் தின்னுட்டு, அந்த விளிம்ப அவளுக்குத்தானே போட்டுட்டு வந்தீங்க? அத்தன வருஷமும் அவளுக்குச் சோறு போட்டவ நான். எம் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு என்னய்யா கொறஞ்சு போயிடும்?"

வரிசை கொல்லென்று சிரித்தது. டிக்கெட் கொடுக்கும் மக்லோவியா வெளியே வந்து, கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். பவுலீனோ மட்டும் சுரங்க வாயை மறைத்துக்கொண்டு நின்றார். கூரை இறங்கினால் என்ன மிஞ்சும் என்பதை நேரில் பார்த்தவர் அவர். பொய் தெரிந்துபோனால் ஊர்சுலா தன்னை விட்டுவிட்டு இவளைத்தான் பிடிப்பாள் என்று பயந்தார்.

"எனக்கு ஏதாவது ஆனாப் போகுது, ஹோவிதா," என்றார் மெதுவாக. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுடி."

இப்படி ஒரு பேச்சை அவர் வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. ஹோவிதா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப பக்கத்துலயே நட," என்றாள்.

அன்றைக்குக் கொள்ளுத்தாத்தா கழுதையும் ஓட்டவில்லை, கோலும் காக்கவில்லை. பவுலீனோ கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பழைய வெள்ளி ரேகை ஓடிய வளைவில் மற்றவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, ஹோவிதாவை மணிக்கட்டைப் பிடித்துப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஊர்சுலா," என்றார். "உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இவ ஹோவிதா. என் வீட்டுக்காரி. நீ சாப்பிட்டதெல்லாம் இவ கைப்பக்குவம்தான்."

எங்கோ தண்ணீர் சொட்டியது. ஹோவிதா ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கிய நரைமுடியை அவசர அவசரமாக உள்ளே செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.