சத்தம் கூடிய தோடி

முடிச்சூரில் புது ஃப்ளாட் வாங்கிய நண்பர் போன வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஹாலில் இசைத்தட்டு போடும் பெட்டி ஒன்று. மறுபடியும் அதுதான் இப்போது ஃபேஷனாம். உறையிலிருந்து தட்டை உருவினார். புது ரெயின்கோட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. முள் இறங்கியது. தோடி. நண்பர் பெருமையாகச் சத்தத்தைக் கூட்டினார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

"என்ன சார், பிடிக்கலையா?"

என்னவென்று சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன். கேசட் பைத்தியம் பிடித்த காலம். ராகத்தின் பெயரைச் சிவப்பு மையிலும் வித்வானின் பெயரைப் பச்சை மையிலும் எழுதி ஒட்டி அடுக்கி வைத்திருப்பேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைப் பற்றியே பேசினேனாம். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்கு அம்மா கடைசிவரை அதைத்தான் காரணம் சொன்னாள்.

பக்கத்துப் போர்ஷனில் ரகுபதி சார். அவரிடம் இரும்பு பீரோ நிறைய இசைத்தட்டுகள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல வெல்வெட் துணியால் துடைப்பார். "கேளு, தொடாத" என்பார். இரவல் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருக்குத் தெரியாமல் என் டேப்ரெக்கார்டரை அவர் ஜன்னலுக்குக் கீழே வராந்தாவில் வைத்துப் பதிவு செய்வேன். திருட்டுதான். சங்கீதத்தில் திருட்டு பாவமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலாபனையின் நடுவே சில நாள் அவர் திடீரென்று சத்தத்தைக் கூட்டுவார். மனுஷர் உருகிவிட்டார் என்று நினைப்பேன். தொப்பென்று ஏதாவது விழும். நல்ல இடத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாரே என்று அவர் மனைவி சரோஜா அக்கா மேல் எரிச்சல் வரும். சித்திரை வெயிலிலும் அக்கா முழங்கை மறைய ரவிக்கை போட்டிருப்பார். அதைக்கூட நான் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சத்தம் கூடியது. நான் வராந்தாவில் டேப்ரெக்கார்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். கீழ் வீட்டு மேரி டீச்சர் சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு படியேறி வந்து கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

"கதவத் தொறங்க சார்! தொறக்கலன்னா தெருவையே கூப்பிடுவேன்!"

கதவு திறந்தது. திறந்தது அக்கா. புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. இடது கை கோணலாகத் தொங்கியது. பின்னால் ரகுபதி சார், கையில் பெல்ட்டோடு. அக்கா எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், பீரோவிலிருந்து வலது கையால் ஒரு தட்டை உருவித் தரையில் ஓங்கி அடித்தார். பழைய அரக்குத் தட்டு. அப்பளமாக நொறுங்கியது. இன்னொன்று. இன்னொன்று.

"டிஸ்க்கு! என் டிஸ்க்கு!" என்று அலறி அவர் அக்காவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மேரி டீச்சர் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தார். நான்? நானும் பாய்ந்தேன். அக்காவின் கையிலிருந்து நழுவிய தட்டைப் பிடிக்க.

பிடித்துவிட்டேன். சுவரோடு சரிந்து கிடந்த அக்கா அதைப் பார்த்தார்.

"அதப் புடிக்க ஓடி வர்றியே, தம்பி."

டீச்சர் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கைக்குக் கட்டு, புருவத்தில் ஏழு தையல். மறுநாள் டீச்சர் என்னிடம் வந்தார். "வராந்தால பொட்டி வெச்சுப் பதிவு பண்ணுவியே, அதுல கேக்கும்ல? போலீஸ்ல குடுக்கணும்."

போட்டுக் கேட்டேன். தோடிக்கு அடியில், பாத்திரம் விழுந்ததாக நான் நினைத்த இடத்தில், "வேணாங்க... வேணாங்க..." இருந்தும், தேடித் தருகிறேன் என்று இரண்டு நாள் டீச்சரிடம் பொய் சொன்னேன். அந்தத் தோடி வேறெங்கும் கிடைக்காது. போலீஸுக்குப் போனால் கேசட் திரும்பி வராது.

மூன்றாம் நாள் கொடுத்தேன். ஸ்டேஷனில் அதை ஓட விட்டபோது எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடி வைத்தார். ரகுபதி சாரைக் கூட்டிப்போனார்கள். பிறகு வழக்கு, விவாகரத்து. டீச்சர் தன் பள்ளி அலுவலகத்திலேயே அக்காவுக்கு வேலை வாங்கித் தந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா பத்து வருஷம் பாட்டுக் கற்றுக் கச்சேரியும் செய்தவர் என்று டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்பப் பாடுறீங்களாக்கா?"

"எங்க தம்பி. சுருதிப் பெட்டியப் போட்டாலே சுவரு ஞாபகம் வருது. விட்டுட்டேன்."

வண்டலூர் பக்கம் போகும் வண்டி வந்தது. ஏறிக்கொண்டார். இப்போது அந்த மாடி வீடு இல்லை, நாலு மாடி ஃப்ளாட் நிற்கிறது. மேரி டீச்சரும் இல்லை. சரோஜா அக்கா எப்படிப் பாடுவார் என்று தெரிந்தவர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா, தெரியவில்லை.